“பிரஷர் இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும்”: ஒரு வாசகியின் கடிதத்திற்கு மனநல ஆலோசகரின் பதில்

பினாங்கிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாக பிளானர் வேலை, அதாவது எதை எப்போது எவ்வளவு தயாரிப்பது என்று திட்டமிடுவது. சம்பளம் 5,200 வெள்ளி. வீடு புக்கிட் மெர்தாஜாமில். மார்ச் மாதம் அவருடைய பிரிவில் இருவர் வேலையை விட்டுப் போனார்கள். அந்த இடங்கள் இன்னும் நிரப்பப்படவில்லை. மூன்று பொருள்களுக்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்தவர் இப்போது ஐந்துக்குத் திட்டமிடுகிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, ஆறேகாலுக்குக் காரை எடுத்துப் பெருநிலத்திலிருந்து தீவுக்குப் பாலம் கடக்கிறார். வீடு திரும்ப இரவு எட்டு. பிள்ளை தூங்கியதும் மடிக்கணினியைத் திறந்தால், மூடும்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகிவிடுகிறது. நான்கு வாட்ஸ்ஆப் குழுக்கள். எதில் செய்தி வந்தாலும் உடனே பதில் போடுகிறார், தைப்பூச விடுமுறையன்றும் போட்டிருக்கிறார். ஒரு நாளைக்கு நான்கு கோப்பி, கடைசிக் குவளை மாலை ஐந்து மணிக்கு.

அண்மையில் இரண்டு தவறுகள் நேர்ந்தன. 12,000 என்று போட வேண்டிய ஆர்டரில் 1,200 என்று போட்டுவிட்டார். இன்னொரு முறை வேறு பொருளின் தேதியை மாற்றிவிட்டார். இரண்டுமே நள்ளிரவுக்குப் பிறகு நடந்தவை. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் கடிந்துகொண்டார். அன்று கார் நிறுத்துமிடத்தில் அழுதிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் நெஞ்சு படபடக்கிறது. ஒரு நாள் காலையில் பாலத்தின் மேல் கண் அயர்ந்து, பக்கத்து லாரி ஹார்ன் அடித்துத்தான் விழித்திருக்கிறார்.

“பள்ளிக்கூடத்திலிருந்தே கடைசி நேரத்தில்தான் எனக்கு வேலை ஓடும். பிரஷர் எனக்குப் பழக்கம். இப்போது மட்டும் ஏன் முடியவில்லை? நான் சோம்பேறியாகிவிட்டேனா? ஆலோசகரைப் பார்த்தால் மனிதவளப் பிரிவுக்குத் தெரிந்துவிடுமே. எக்சிக்யூட்டிவ் என்பதால் சட்டமும் எனக்குக் கிடையாது. பேசாமல் 24 மணி நேர நோட்டீஸ் கொடுத்துவிடலாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் பாலத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றவற்றுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம், இதற்கு முடியாது. வண்டி ஓட்டும்போது ஒருமுறை கண் அயர்ந்தவருக்கு அது மறுபடியும் நேரக்கூடும். கண்ணாடியை இறக்குவதும் வானொலியைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தை விரட்டாது. உங்கள் தூக்கம் சீராகும்வரை குறைந்தது இரண்டு வாரத்திற்குக் காலையில் நீங்கள் ஓட்ட வேண்டாம். கம்பெனி பேருந்தோ, அதே வழியில் போகும் சக ஊழியரின் காரோ, கணவரோ, எது முடியுமோ அதைப் பிடியுங்கள். வேறு வழியே இல்லாத நாளில் கண் கனத்தால், பாலத்தில் ஏறுவதற்கு முன்பே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கோப்பி குடித்துவிட்டு, 20 நிமிடத்திற்கு அலாரம் வைத்துத் தூங்குங்கள். கோப்பியின் வேகம் ஏற 20, 30 நிமிடம் பிடிக்கும். எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். கொஞ்சம் தாமதமாக வந்ததற்காக யாரும் உங்களைக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நெருக்கடி உதவும் வேலையும் கெடுக்கும் வேலையும்

நெருக்கடி இருந்தால்தான் வேலை ஓடும் என்ற உங்கள் நம்பிக்கை முழுப் பொய் அல்ல. 1908ஆம் ஆண்டு யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் இதன் இரண்டு பக்கமும் தெரிந்தது. வேலை எளிதாக இருந்தபோது தூண்டுதல் கூடக் கூட எலிகள் சீக்கிரம் கற்றன. வேலை கடினமானபோது அதே தூண்டுதல் ஓர் அளவைத் தாண்டியதும் கற்பது மந்தமானது. மனிதர்களிடமும் ஏறக்குறைய இப்படித்தான். பழகிய, ஒற்றை வழியில் போகும் வேலைக்கு அவசரம் உதவும். பலவற்றை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அவசரம் கெடுக்கும்.

தேர்வுக்கு முந்தின இரவு படித்தது முதல் வகை: ஒரு பாடம், ஒரு புத்தகம், முடியும் நாள் தெரியும், முடிந்ததும் ஓய்வு. ஐந்து பொருளின் பாகங்கள், சப்ளையர் தேதிகள், வாடிக்கையாளர் திடீரென்று முன்னே இழுக்கும் ஆர்டர் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்துவது இரண்டாம் வகை. அதற்கு முடியும் நாளும் கிடையாது. நீங்கள் மாறவில்லை. வேலையின் வகை மாறிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை அதிகமாக இருப்பது மட்டும் மனிதரை இப்படி உடைப்பதில்லை. வேலையும் அதிகம், அதை எப்போது எப்படிச் செய்வது என்ற முடிவும் நம் கையில் இல்லை என்றால்தான் உடல் தாங்குவதில்லை. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த கருத்து இது. இன்றும் வேலைச்சுமை பற்றிய ஆய்வுகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் மணி நேரங்களைவிட என்னை அதிகம் உறுத்தியது இந்த வரிதான்: “எதில் செய்தி வந்தாலும் உடனே பதில் போடுவேன்.” உங்கள் நாளின் வரிசையை நான்கு குழுக்களில் இருக்கும் யார் யாரோ தீர்மானிக்கிறார்கள். நல்ல ஊழியர் என்று பெயர் வாங்கித் தந்த பழக்கமே இப்போது உங்களை மூழ்கடிக்கிறது.

உங்களுக்கே தெரிந்த கணக்கு

நீங்கள் பிளானர் என்பதால் இதை உங்கள் தொழில் மொழியிலேயே சொல்லலாம். ஓர் உற்பத்தி லைனுக்குள் பாதி முடிந்த லாட்டுகள், அதாவது ஒன்றாகச் செய்யப்படும் பொருள் தொகுதிகள், எத்தனை கிடக்கின்றனவோ, அந்த அளவுக்கு ஒவ்வொரு லாட்டும் வெளியே வரத் தாமதமாகும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய கணக்கு இது: உள்ளே இருக்கும் வேலையின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலைக்குச் சராசரியாக ஆகும் நாள் கிடைக்கும். நீங்கள் ஒரே சமயத்தில் 12 வேலையைத் திறந்து வைத்து நாளுக்கு நான்கை முடித்தால், ஒவ்வொன்றும் மூன்று நாள் இழுக்கும். நான்கை மட்டும் திறந்து அதே நான்கை முடித்தால், தொட்ட வேலை அன்றே முடியும். மீதி எட்டும் காத்திருக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அவை தாளில் காத்திருக்கும், உங்கள் தலைக்குள் அல்ல. நடுவில் அவற்றின் வரிசை மாறினால் பாதி செய்த உழைப்பு வீணாகாது. கேட்பவருக்கு நம்பத்தக்க ஒரு தேதியையும் சொல்ல முடியும்.

அடுத்தது, நேரத்தை எவ்வளவு நிரப்புவது என்பது. வேலைகள் முன்னறிவிப்பில்லாமல் வந்து சேரும் எளிய வரிசைக் கணக்கில், 80 விழுக்காடு நேரம் நிரம்பியிருந்தால் புதிதாக வரும் வேலை தன் முறைக்காகக் காத்திருப்பது, ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப்போல் நான்கு மடங்கு. 90 விழுக்காடு ஆனால் ஒன்பது மடங்கு. 95 ஆனால் 19 மடங்கு. அதனால்தான் எந்த இயந்திரத்தையும் நூறு விழுக்காடு நிரப்பி நீங்கள் திட்டம் போடுவதில்லை. உங்கள் எட்டு மணி நேரத்தை மட்டும் அப்படி நிரப்பியிருக்கிறீர்கள். முன்கூட்டிப் போடும் வேலை ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மீதி இரண்டு மணி நேரம் திடீர் வேலைக்கு. அது எப்படியும் வரும்.

திங்கட்கிழமையிலிருந்து செய்ய வேண்டியவை

மேசைக்கு வந்ததும் வாட்ஸ்ஆப்பைத் திறக்காதீர்கள். முதல் 15 நிமிடம் ஒரு தாள். எம்.ஆர்.பி. ஓட்டத்தில், அதாவது தேவையான பாகங்களைக் கணக்கிடும் மென்பொருளில், வந்த பாகப் பற்றாக்குறைப் பட்டியலைப் பார்த்து, இன்றோ நாளையோ லைனை நிறுத்தக்கூடியது எது என்று மட்டும் தேடி எழுதுங்கள். அவற்றிலிருந்து இன்று திறக்கும் நான்கு வேலைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதி, அதைப்போல் ஒன்றரை மடங்கு ஒதுக்குங்கள். ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. ஒரு புகழ்பெற்ற ஆய்வில் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல்.

பிறகு காலையில் 90 நிமிடம், உதாரணமாக ஒன்பதரையிலிருந்து பதினொன்றுவரை, மிகச் சிக்கலான வேலைக்கு. அப்போது குழுக்கள் மௌனத்தில் இருக்கட்டும். செய்திகளைப் பார்க்க எட்டு மணி, பதினொன்று, ஒன்றரை, மூன்றரை, ஐந்து என ஐந்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இதைக் குழுவில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்வார்கள். எந்த மொழியில் எழுதினாலும் பொருள் இப்படி இருக்கட்டும்: “இந்த நேரங்களில் குழுச் செய்திகளைப் பார்த்துப் பதில் தருவேன். லைன் நின்றால், அல்லது நிற்கப் போகிறதென்றால், செய்தி வேண்டாம், போன் செய்யுங்கள்.” கடைசி வாக்கியம்தான் உயிர்நாடி. உண்மையான அவசரத்திற்கு ஒரு வழி திறந்திருப்பதால் மற்றவர்கள் பதற மாட்டார்கள். நீங்களும் அடிக்கொரு தரம் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. முதல் வாரம் தேவையில்லாத போன்களும் வரும். “இதைப் பதினொரு மணிக்குப் பார்க்கிறேன்” என்று சொல்லி வையுங்கள். இரண்டாம் வாரம் குறையும்.

ஒரு வேலையின் நடுவில் எழுந்து போக நேர்ந்தால், எங்கே விட்டீர்கள், திரும்பி வந்ததும் முதலில் செய்வது என்ன என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். முடிக்காத வேலை அடுத்த வேலையிலும் கவனத்தைப் பிடித்து இழுக்கும். அதை எப்போது எப்படித் தொடர்வது என்று எழுதி வைத்தாலே அந்த இழுப்பு பெரிதும் தளர்கிறது. மாலை கிளம்புமுன் பத்து நிமிடம் ஒதுக்கி நாளைக்குரியவற்றையும் இப்படியே எழுதுங்கள். ஞாயிறு மாலைப் படபடப்பில் ஒரு பங்கு இதனால் குறையும்.

எண் பிழைக்கு மனஉறுதி மருந்தல்ல, முறைதான் மருந்து. எக்செல்லில் கடைசி மூன்று ஆர்டர்களின் சராசரியைப் பக்கத்திலேயே வரச் செய்யுங்கள். புதிய எண் அதில் பாதிக்குக் கீழே அல்லது இரண்டு மடங்குக்கு மேலே போனால் கட்டம் சிவப்பாகட்டும். 1,200 அங்கேயே பிடிபட்டிருக்கும். பெரிய ஆர்டர்களை அனுப்புமுன் பொருள் எண், அளவு, தேதி மூன்றையும் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் தன் திரையில் சரிபார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை. இரவு ஒன்பதுக்குப் பிறகு எந்த ஆர்டரையும் அனுப்பாதீர்கள். வரைவாக வைத்துக் காலையில் ஒருமுறை பார்த்து அனுப்புங்கள்.

கூட்டத்திலேயே நெஞ்சு படபடத்தால், நான்கு வினாடி உள்ளிழுத்து ஆறு வினாடி மெல்ல வெளிவிடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் உடல் இறங்கி வரும். யாருக்கும் தெரியாது.

தூக்கம்

காலை ஐந்துக்கு எழுந்தவருக்கு இரவு பத்து மணியோடு 17 மணி நேரம் விழிப்பு. 1997இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை, கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடையதைப்போல் இருக்கிறது. நம் மலேசியாவில் வாகனமோட்டிகளுக்கு 2020 திருத்தத்திற்குப் பின் உள்ள வரம்பும் அதுதான், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம். உங்கள் இரண்டு தவறுகளும் அந்த வரம்புக்கு அப்பால் நடந்தவை. அவற்றைச் சோம்பல் என்றோ திறமைக் குறைவு என்றோ எண்ணி உங்களைத் தண்டிக்காதீர்கள். இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு: நாள்தோறும் தூக்கம் குறைந்தவர்களின் கவனம் சரிந்துகொண்டே போகும்போது, தாங்கள் பழகிவிட்டதாக அவர்கள் நம்புகிறார்கள். ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது இது.

கோப்பியை மதியம் பன்னிரண்டு மணியோடு நிறுத்துங்கள். ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். மடிக்கணினியை ஒரே நாளில் மூடச் சொல்லவில்லை. இந்த வாரம் பன்னிரண்டு, அடுத்த வாரம் பதினொன்று, அதற்கடுத்து பத்து. காலைச் சமையலைக் கணவரோ வீட்டில் வேறு யாராவதோ ஏற்றுக்கொண்டால் இன்னும் அரை மணி கிடைக்கும். வீட்டில் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மேனேஜரிடம் என்ன பேசுவது

மேலே சொன்னவை உதவும். ஆனால் ஒருவருக்கு மேற்பட்டவர்களின் வேலையை ஒருவரே செய்வதை எந்த உத்தியாலும் ஈடுகட்ட முடியாது. ஆகவே இரண்டு வாரம், ஐந்து பொருளுக்கும் எத்தனை மணி நேரம் போகிறது என்று குறித்து ஒரே பக்கத்தில் கொண்டு போங்கள். “எனக்குக் கஷ்டமாக இருக்கிறது” என்று தொடங்கினால் ஆறுதல் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். “ஐந்து பொருளுக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் தேவை. என்னிடம் 45 இருக்கிறது. எந்த அறிக்கையை நிறுத்தலாம், எந்தப் பொருளை யாரிடம் கொடுக்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையது. பேசி முடிந்த அன்றே, பேசியதைச் சுருக்கி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

சட்டம் உங்களுக்கும் உண்டு

* 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், அதாவது அக்தா கெர்ஜா, 2023 ஜனவரி 1 முதல் எந்தச் சம்பளக்காரருக்கும் பொருந்தும். வார வேலை நேரம் 48இலிருந்து 45 ஆனதும் அன்றுதான். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணம் உள்ளிட்ட சில பிரிவுகள் மட்டுமே பொருந்தாது. ஓ.டி. பற்றி உங்கள் வேலை ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வாரத்தில் ஒரு முழு ஓய்வு நாள் உங்களுக்கும் உண்டு.
* ஐந்து ஆண்டு தாண்டியவருக்கு ஆண்டு விடுமுறை குறைந்தது 16 நாள், நோய் விடுப்பு 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்கு 60 நாள் தனி.
* வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றிக் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து திட்டமிடும் வேலையைச் செய்யக் கேட்பது உங்கள் நிலையில் மிகப் பொருத்தம், பாலப் பயணமும் குறையும்.

ஆலோசகரும் மருத்துவரும்

பதிவு பெற்ற ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதியின்றி முதலாளியிடம் சொல்வது அவர்களுக்குத் தடை. உயிருக்கு ஆபத்து போன்ற அரிய நிலைகள்தாம் விலக்கு. கம்பெனி செலவில் வரும் ஆலோசகர் என்றால், மனிதவளப் பிரிவுக்கு என்ன போகும் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

படபடப்பு முழுவதும் மனத்தால் வந்தது என்று நாமே முடிவு செய்யக் கூடாது. ரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் இதே களைப்பையும் படபடப்பையும் தரும். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ரத்தப் பரிசோதனை கேளுங்கள், மனநிலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அது வெறும் வேலைக் களைப்பு அல்ல. சிகிச்சை தேவைப்படும், சிகிச்சைக்குக் கேட்கும். இருப்பதைவிட இல்லாமல் போகலாம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தாலும், எந்த நேரமானாலும், மனத்துயரைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் அழையுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555.

24 மணி நேர நோட்டீஸ்

இப்போது வேண்டாம். ஒப்பந்தத்தில் வேறு ஏதும் இல்லையென்றால், ஐந்து ஆண்டு தாண்டிய நீங்கள் எட்டு வார நோட்டீஸ் தர வேண்டும். உடனே கிளம்பினால் அந்த எட்டு வாரச் சம்பளத்தை நீங்கள் கம்பெனிக்குக் கட்ட நேரும், ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். தானாக விலகியவருக்கு, சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்திலும் உதவித்தொகை கிடையாது. கம்பெனிதான் உங்களை வெளியேறும் நிலைக்குத் தள்ளியது என்று வாதாடலாம். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும், முறையீட்டையும் 60 நாளுக்குள் செய்தாக வேண்டும். கையில் தாள் இல்லாமல் அந்த வழியில் இறங்கக் கூடாது.

வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் விண்ணப்பத்தைக் கொடுங்கள், மேனேஜரிடம் பேசுங்கள், எட்டு வாரம் பாருங்கள். அதற்குள் ஆளும் வரவில்லை, சுமையும் குறையவில்லை என்றால் வேறு வேலை தேடிக்கொண்டு முறையான நோட்டீஸுடன் விலகுவது தோல்வி அல்ல. இடையில் மருத்துவர் உடனே ஓய்வு வேண்டும் என்றால் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுங்கள், மறுப்புச் சொல்லாதீர்கள். விண்ணப்பம், அதற்கு வந்த பதில், மணி நேரக் குறிப்பு, கூட்டத்திற்குப் பின் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு நகல் வையுங்கள். தொழிலாளர் இலாகாவுக்குப் போக நேர்ந்தால் முதலில் கேட்பது அவற்றைத்தான்.